அழுகையும் வெகுளியும்: இயேசுநாதர் திரைப்படங்கள் பற்றிய ஓர் ஆய்வு

2004 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25 ஆம் நாள், கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பற் புதனன்று, அமெரிக்க நாட்டில் ஒரு திரைப்படம் வெளியாயிற்று. நடிகர் மெல் கிப்சன் தம் சொந்தப் பணத்தைப் போட்டு இயக்கிய 'கிறிஸ்துவின் பாடுகள்' என்பதே அது. இயேசுநாதரின் வாழ்வில் கடைசிப் பன்னிரண்டு மணி நேரமே அதன் கதை. தேவாலயங்கள் பல, இருக்கைகளை மொத்தமாக வாங்கித் தம் சபையாரைக் கூட்டிச் சென்றன. போனவர்கள் விம்மி விம்மி அழுதனர். கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில், சிலுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோதே பெண் ஒருவர் மாரடைப்பால் சாய்ந்து உயிர் நீத்தார். அதே நாளில், அதே படத்தை, யூத மக்கள் மீது பல நூற்றாண்டுப் பகையைக் கிளறிவிடும் படம் என்று கடுமையாகக் கண்டித்தோரும் இருந்தனர்.

ஒரே படம் இத்தனை கண்ணீரையும் இத்தனை கண்டனத்தையும் ஒருங்கே எழுப்பியது எவ்வாறு? பெரும்பாலோர் கூறும் விடை எளிது. கண்ணீர் பக்தியால் வந்தது, கண்டனம் அரசியலால் வந்தது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை என்பர். படத்தைப் போற்றியோர் கண்டித்தோரைக் கல்நெஞ்சர் என்றனர். கண்டித்தோர் அழுதோரைப் பேதையர் என்றனர். அழுகை என்பது ஒரே வகையினது என்று இரு திறத்தாரும் எண்ணிக்கொண்டதுதான் குறை. அழுகைக்குப் பக்கத்திலேயே வேறோர் உணர்ச்சி குடியிருக்கிறது. அதனையும் சேர்த்து நோக்கினால், கண்ணீரும் கண்டனமும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது புலப்படும்.

இதனை ஆராயத் தமிழர் அயல்நூல் தேடிப் போக வேண்டியதில்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் கையிலேயே இருக்கிறது. மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன் நந்நான்கு, ஆக முப்பத்திரண்டு. தேர்வுக்காக மாணவர் நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும் பட்டியல் இது. ஆசிரியர்களும் பட்டியலைக் கரும்பலகையில் எழுதியதோடு நிறுத்திவிடுவதுண்டு. ஒரு நாடகத்தையோ திரைப்படத்தையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அதன் கூர்மை விளங்கும்.

அழுகைக்கு ஆசிரியர் வகுத்த நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உற்றாரையோ உரியதையோ இழத்தல் இழவு. முன்பிருந்த நல்ல நிலையினின்று தாழ்தல் அசைவு. ஒன்றும் இல்லாராய் நிற்றல் வறுமை. இந்நான்கனுள் அடி இல்லை, காயம் இல்லை, குருதி இல்லை. அவை எங்கே இருக்கின்றன? வெகுளியின் கீழ் இருக்கின்றன. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன வெகுளியின் நான்கு. உறுப்பை அறுத்தலும், அடித்து வருத்துதலும், கொல்லுதலும் சினத்திற்கு நிலைக்களனாம் என்று வகுத்தவன், மனித உள்ளத்தை நெருங்கி நின்று பார்த்தவனே என்பதில் ஐயமில்லை. தெருவில் ஒருவனைப் பலர் கூடி அடிக்கக் கண்டவன், முதலில் அழுவானா, அடிப்பவன்மேல் பாய்வானா?

உரையாசிரியருள் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். அழுகையை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். தன் துன்பத்திற்குத் தானே அழுவது ஒன்று. பிறர் துன்பம் கண்டு அழுவது மற்றொன்று. இவற்றை அவலம் எனவும் கருணை எனவும் வேறு பிரித்து, அவ்வாறு பிரிப்பின் சுவை ஒன்பதாகவும் கொள்ளப்படும் என்று காட்டுகிறார். படமாளிகையில் அமர்ந்து அழுபவனுடைய அழுகை இவ்விரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆகவே இயேசுநாதர் பற்றிய படங்களை அளப்பதற்கு உரிய கோல் இதுவே: காண்போரிடத்துக் கருணையை எழுப்புகிறதா, வெகுளியை எழுப்புகிறதா?

மூலக்கதையை முதலில் பார்க்க வேண்டும். நற்செய்தி நூல்கள் சாட்டையடியை எவ்வளவு சுருக்கமாகச் சொல்கின்றன என்பது வியப்பளிக்கும். மத்தேயு, மாற்கு, யோவான் ஆகிய மூவரும் ஓரிரு சொற்களில் கூறிக் கடந்துவிடுகின்றனர். லூக்காவோ, தண்டித்து விடுவிப்பேன் என்று பிலாத்து சொன்னதைக் கூறுகிறாரேயன்றி, அடி விழுந்ததை வருணிக்கவே இல்லை. சிலுவையில் அறைந்த செய்தியும் அத்தகையதே. ஆணி எவ்வாறு இறங்கிற்று, குருதி எவ்வாறு ஒழுகிற்று என்ற விரிவு எங்கும் கிடையாது. அக்காலத்து மக்கள் சிலுவைத் தண்டனையைக் கண்ணாரக் கண்டவர்கள். அவர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை என்று காரணம் சொல்வார் உண்டு. அது ஓரளவு உண்மையாகலாம். ஆயினும் அந்நூல்கள் வேறு சிலவற்றை நின்று நிதானித்துச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். போர்வீரர்கள் அரச உடை போர்த்து, முள்ளால் முடி சூட்டி, மண்டியிட்டு ஏளனம் செய்கின்றனர். அது இளிவு. சிலுவையடியில் தாய் நிற்கிறாள். அது இழவு. மரக்கிளைகளைப் பிடித்து ஆரவாரித்து அழைத்துவந்த நகரமே, சில நாள்களுக்குள் கொலைத்தண்டனை கேட்டுக் கூவுகிறது. அது அசைவு. உடுத்தியிருந்த ஆடையையும் களைந்து சீட்டுப் போட்டுப் பங்கிடுகின்றனர். அது வறுமை. நான்கும் ஒன்று குறையாமல் நிற்கின்றன. நற்செய்தியாளர்கள் தொல்காப்பியம் கற்றவர்கள் என்று யாரும் சொல்ல வரவில்லை! துன்பத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் எதைச் சொல்லி எதை விடுவார்கள் என்பதில் அவர்களும் தொல்காப்பியரும் உடன்படுகின்றனர், அவ்வளவே.

லூக்காவில் மட்டும் காணப்படும் ஒரு நிகழ்ச்சி இங்கே குறிப்பிடத்தக்கது. சிலுவை சுமந்து செல்லும் வழியில் எருசலேம் நகரத்துப் பெண்கள் அவருக்காக அழுகின்றனர். அவரோ, எனக்காக அழவேண்டாம், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்னும் கருத்துப்படப் பேசுகிறார். அழுகை எத்தகையதாக இருக்க வேண்டும் என்ற வினாவை, திரைப்படம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்நூல் எழுப்பிவிட்டது.

இனி, கிப்சனின் படத்துக்கு வருவோம். இத்தாலி நாட்டின் தென்பகுதியில் உள்ள மத்தேரா என்னும் குகைவீட்டு நகரிலும், உரோமில் உள்ள படப்பிடிப்பு நிலையத்திலும் அது எடுக்கப்பட்டது. பாத்திரங்கள் அரமேய மொழியிலும் இலத்தீனிலும் எபிரேயத்திலும் பேசுகின்றன; காண்போர்க்குக் கீழே எழுத்து ஓடுகிறது. ஏறக்குறைய 3 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இயேசுநாதராக நடித்த ஜிம் கவீசலின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஒளிப்பதிவும் பழைய ஐரோப்பிய ஓவியங்களை நினைவூட்டும் தரத்தது.

ஆனால், நற்செய்தியாளர் ஓரிரு சொல்லில் கடந்த சாட்டையடி, இப்படத்தில் மனம் தாங்காத அளவுக்கு நீள்கிறது. முதலில் பிரம்பு, பின்பு இரும்புக் கொக்கிகள் கோத்த சாட்டை. வீரர்கள் சிரித்துக்கொண்டே எண்ணி எண்ணி அடிக்கின்றனர். சதை பிய்ந்து தெறிக்கிறது. போதும் என்று நினைக்கும் வேளையில் உடலைப் புரட்டிப்போட்டு மீண்டும் தொடங்குகின்றனர். பின்னர்ச் சிலுவையில் தொங்கும் கள்வன் ஒருவனின் கண்ணைக் காகம் கொத்துவதும் காட்டப்படுகிறது. அமெரிக்கத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட், தாம் பார்த்தவற்றுள் மிகக் கொடுமையான வன்முறை நிறைந்த படம் இதுவே என்று எழுதினார். அவர் இப்படத்தைப் பாராட்டியவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கு நிகழ்வது என்ன? தொல்காப்பியர் வகுத்த கணக்குப்படி, அலையும் கொலையும் திரையை நிறைத்துவிட்டன. காண்போன் நெஞ்சில் வெகுளி எழுந்தே தீரும். அடிபடுபவரோ எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாதவர். ஆகவே எழுந்த வெகுளிக்கு உள்ளே வடிகால் இல்லை. அது கண்ணீராகவும் வழிகிறது. அக்கண்ணீரைக் கருணை என்று மயங்குவது எளிது. ஆற்றாமையால் வரும் கண்ணீர் அது. வெகுளியின் இயல்பு, தனக்கு ஓர் இலக்கைத் தேடுவது. அடித்தவன் யார், அடிக்கச் சொன்னவன் யார் என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்குப் படம் தரும் விடையிலேதான் கண்டனம் பிறந்தது.

அடிப்பவர் உரோம வீரர்கள். ஆனால் அவர்களின் தலைவனான பிலாத்து, மனம் நொந்து தயங்கும் நல்லவனாகக் காட்டப்படுகிறான். அவன் மனைவியோ இரக்கமே உருவானவள். மரியாளிடம் வெண்துணி கொண்டுவந்து கொடுக்கிறாள். இந்நிகழ்ச்சி நற்செய்தியில் இல்லை. ஆன் கேத்தரின் எம்மெரிக் என்ற செர்மானியக் கன்னித்துறவி கண்டதாகச் சொன்ன காட்சிகளைப் பிரென்டானோ என்ற கவிஞர் எழுதி 1833 இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. பிலாத்து மேல் சினம் செல்ல வழியில்லை என்றால், எஞ்சி நிற்பவர் தலைமைக் குரு காய்பாவும், அவருக்குப் பின்னால் கூவும் யூதக் கூட்டமுமே. வரலாற்றில் பிலாத்து இரக்கமுள்ள ஆளுநன் அல்லன் என்பதை யூத வரலாற்றாசிரியர் யோசேபசின் நூலால் அறியலாம்.

யூதர்கள் இதற்கு அஞ்சியது வீண் அச்சம் என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் இயேசுநாதரின் பாடுகளைக் கூத்தாக நடிக்கும் வழக்கம் இடைக்காலம் முதல் இருந்தது. கூத்துப் பார்த்து அழுத கூட்டம், அழுத கண்ணோடே யூதர் தெருவுக்குள் புகுந்து தாக்கியது உண்டு. 1539 இல் உரோம் நகரில் அக்கூத்து நிறுத்தப்பட்டதற்கு அதுவே காரணம். பவேரியாவில் ஓபராமர்காவ் என்னும் சிற்றூரில் 1634 முதல் நடந்துவரும் கூத்தை, அதன் முந்நூறாம் ஆண்டான 1934 இல் இட்லர் போய்ப் பார்த்தான். யூதர் அனைவர் மீதும், எக்காலத்து யூதர் மீதும் அக்கொலைப்பழியைச் சுமத்துதல் ஆகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழி அறிவித்தது 1965 இல்தான். இத்தனைக்கும் பிறகு வந்த படம் இது.

மத்தேயு நற்செய்தியில், அவருடைய இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று கூட்டம் சொன்னதாக ஓரிடம் உண்டு. பல நூற்றாண்டு யூதப் பகைக்குக் கருவியான வாசகம். படம் வெளிவருமுன் எழுந்த எதிர்ப்பைக் கண்டு, கிப்சன் அதற்குரிய கீழெழுத்தை மட்டும் நீக்கினார். அரமேய மொழியில் அவ்வசனம் ஒலிக்கத்தான் செய்கிறது. எழுத்தை எடுத்துவிட்டு ஒலியை விட்டுவைத்தது, வாதத்தை ஒப்புக்கொண்டதும் ஆகாது, மறுத்ததும் ஆகாது.

படத்தின் தரப்பில் சொல்லக்கூடியவற்றையும் சொல்லியாக வேண்டும். மரியாளாக நடித்த மையா மார்கென்ஸ்டர்ன் உருமேனிய நாட்டு யூதர். நாசிகளின் கொடுமையை அறிந்த குடும்பத்தில் பிறந்தவர். இப்படத்தில் யூதப் பகை இல்லை என்றே அவர் கூறினார். ஆணியைப் பிடிக்கும் கை இயக்குநரான கிப்சனின் கையே. கொன்றவன் வேறு யாருமல்லன், நானே என்று காட்டவே அவ்வாறு செய்ததாகச் சொல்லப்பட்டது. உயர்ந்த எண்ணந்தான். ஆனால் திரையில் தெரிவது ஓர் உரோம வீரனுடைய கை. அது இயக்குநர் கை என்பதைச் செய்தித்தாள் படித்தவனே அறிவான். படத்தின் உயிர்க்கருத்தைப் படத்துக்கு வெளியே வைத்துவிட்டால், படமாளிகையில் இருப்பவனுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

இதே படத்தில் கருணை சுடர்விடும் இடமும் உண்டு என்பதுதான் வியப்பு. சிலுவையோடு மகன் விழுகிறான். ஒரு சந்தில் நின்று பார்க்கும் மரியாளுக்குக் கால் எழவில்லை. அப்போது பழைய நினைவு ஒன்று குறுக்கிடுகிறது. சின்னஞ்சிறு பிள்ளை இயேசு ஓடிவந்து தடுக்கி விழுகிறான். தாய் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். நினைவில் ஓடிய தாயும் நிகழ்காலத்தில் ஓடும் தாயும் ஒன்றாகின்றனர். இதில் சாட்டை இல்லை. யார்மேலும் சினம் எழவில்லை. பிள்ளை விழக் கண்டு ஓடாத தாய் எந்த நாட்டில் இருக்கிறாள்? பேராசிரியர் சொன்ன கருணை இதுவே. துன்பப்படுபவரைக் காட்டுவதினும், அத்துன்பத்தைக் காணும் ஒருவரைக் காட்டும்போதே அது பிறக்கிறது. 2005 மார்ச்சில் கிப்சன், வன்முறைக் காட்சிகளில் ஐந்தாறு நிமிடங்களை வெட்டிவிட்டு மறுபடியும் படத்தை வெளியிட்டார். மக்கள் பெரிதும் போகவில்லை. வெட்ட வேண்டியது நிமிடங்கள் அல்ல என்பது அவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை.

முன்னோடிகள் சிலர் இதனை அறிந்திருந்தனர். செசில் டிமில் 1927 இல் எடுத்த ஊமைப்படமான 'அரசர்க்கரசர்' படத்தில், இயேசுநாதரின் முகம் முதன்முதலில் தெரிவது பார்வையற்ற ஒரு சிறுமியின் கண்வழியே. இருள் விலகுகிறது, ஒளி பரவுகிறது, அந்த ஒளியினூடே முகம் எழுகிறது. அச்சிறுமியின் கண்ணே காண்போர் கண்ணாகிவிடுகிறது. அப்படத்துக்கும் யூத அமைப்புகளின் எதிர்ப்பு எழாமல் இல்லை. டிமில் சில மாற்றங்கள் செய்து, பழியைக் காய்பா என்ற ஒருவர் மேல் மட்டும் நிறுத்தினார்.

வில்லியம் வைலர் 1959 இல் எடுத்த 'பென்-ஹர்' இன்னும் ஒரு படி மேல். அதில் இயேசுநாதரின் முகம் ஓரிடத்தும் காட்டப்படுவதில்லை. இங்கிலாந்து நாட்டுத் தணிக்கைக் குழு தொடக்கக் காலத்தில் விதித்த இரண்டே விதிகளுள் ஒன்று, கிறித்துவின் உருவைத் திரையில் காட்டலாகாது என்பது. அவ்விதியைத் தடை என்று நினைத்துப் பலர் நொந்துகொண்டனர். வைலர் அத்தகைய மறைப்பையே வழியாக்கிக்கொண்டார். அடிமையாய் இழுத்துச் செல்லப்படும் யூதா பென்-ஹருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று உரோமத் தலைவன் தடுக்கிறான். தச்சர் ஒருவர் வந்து தண்ணீர் தருகிறார். அத்தலைவன் சாட்டையை ஓங்கிக்கொண்டு வருகிறான். அவர் எழுந்து அவனை நோக்குகிறார். அவன் கை தாழ்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறான். அந்த முகத்தில் அவன் கண்டது என்ன என்று காண்போர்க்குக் காட்டப்படவில்லை. அவன் தடுமாற்றமே காட்டப்படுகிறது. ஓங்கிய சாட்டை விழவே இல்லை. ஆயினும் கிப்சன் படத்தில் விழுந்த அத்தனை சாட்டையையும் விட அது ஆழமாக இறங்குகிறது. பின்னர் அவர் சிலுவை சுமந்து விழும்போது, பென்-ஹர் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கண்ணீர் வராதவர் யார்?

இத்தாலிய இயக்குநர் பசோலினியின் 'மத்தேயு நற்செய்தி' 1964 இல் வெளியாயிற்று. அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், பொதுவுடைமைக் கொள்கையினர். முந்திய ஆண்டுதான் அவருடைய குறும்படம் ஒன்று சமயத்தை இழிவுபடுத்தியது என்று வழக்குத் தொடுக்கப்பட்டுத் தண்டனையும் பெற்றவர். அத்தகையவர் மத்தேயுவின் சொற்களையே உரையாடலாகக் கொண்டு, தேர்ந்த நடிகர் எவருமின்றி, அதே மத்தேரா நகரில் படமெடுத்து, அதனைப் போப்பாண்டவர் இருபத்து மூன்றாம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். வெனிசுத் திரைப்பட விழாவில் சிறப்புப் பரிசும், கத்தோலிக்கத் திரைப்பட நிறுவனத்தின் பரிசும் அதற்குக் கிடைத்தன. ஒரே நகரத்துக் கற்களின்மேல் நாற்பது ஆண்டு இடைவெளியில் இரு படங்கள்; எத்துணை வேறுபாடு!

பசோலினி, விசாரணைக் காட்சியைக் கூட்டத்தின் பின்னால் நின்று எடுக்கிறார். முன்னால் நிற்போரின் தலைகள் மறைக்கின்றன. தொலைவில் ஏதோ நடக்கிறது, சரியாகத் தெரியவில்லை. நீதிமன்ற வாயிலில் எட்டிப் பார்க்கும் ஏழைச் சுற்றத்தாரின் நிலை அதுவே அன்றோ? படம் பார்ப்பவனும் அவர்களுள் ஒருவனாகிவிடுகிறான். கூட்டம் வேறு, தான் வேறு என்று விலகி நின்று சினக்க அவனுக்கு இடமில்லை.

சிலுவையடியில் அழும் முதிய மரியாளாக நடித்தவர் பசோலினியின் தாய் சூசன்னா. அவருடைய இளைய மகன் குய்தோ, போர்க்கால விடுதலைப் படையில் சேர்ந்து 1945 இல் கொல்லப்பட்டவன். அந்தத் தாயை மகனுடைய சிலுவையின் கீழ் நிறுத்தி அழச் செய்வது கொடுமையல்லவா என்று கேட்டால் கொடுமைதான். ஆயினும் திரையில் அந்த அம்மையாரின் முகத்தைக் கண்டவர்களுக்கு நடிப்பு, இயக்கம் என்ற எண்ணமே எழாது. குய்தோவின் கதை தெரியாதவனும் அம்முகம் கண்டு கலங்குவான். கிப்சனின் கையைப் போல, வெளியே விளக்கம் தேடவேண்டிய நிலை இங்கு இல்லை.

மார்ட்டின் ஸ்கார்சீசி 1988 இல் எடுத்த 'கிறிஸ்துவின் இறுதிச் சோதனை' பற்றி நீட்ட வேண்டியதில்லை. கசன்சாக்கிசு என்ற கிரேக்க ஆசிரியரின் நாவலைத் தழுவியது அது. சிலுவையில் தொங்குபவர்க்கு, மனைவி மக்களோடு வாழ்ந்து மூப்படையும் வாழ்க்கை ஒரு மயக்கக் காட்சியாகத் தோன்றுகிறது. அதனை உதறிச் சிலுவைக்கே திரும்புகிறார். முடிவு வரை பார்த்தவர்களுக்குப் பொருள் விளங்கும். ஆனால் படம் திரைக்கு வருமுன்பே ஆயிரக்கணக்கானோர் படநிறுவனத்தின் முன் திரண்டனர்; பாரிசு நகரத்துப் படமாளிகை ஒன்றுக்கு அக்டோபர்த் திங்களில் தீ வைக்கப்பட்டுப் பதின்மூவர் காயமுற்றனர். தம் குடும்பத்துக்கும் குடிக்கும் எவரோ கேடு சூழ்கிறார் என்று எண்ணுவோர்க்கு வரும் வெகுளியைக் குடிகோள் என்னும் நிலைக்களனில் உரையாசிரியர் அடக்குவர். 1988 இல் தீவைத்த கிறித்தவர்க்கும், 2004 இல் அஞ்சிக் கண்டித்த யூதர்க்கும் இந்நிலைக்களன் ஒன்றே. ஆனால் முன்னவர் காணாத ஒன்றுக்காகச் சினந்தனர். பின்னவர் பலமுறை கண்டு நொந்த ஒன்றுக்காக வாதாடினர். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையன்று.

தமிழில் இப்பாடுகளைப் பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894 இல் அச்சேறியது. வைணவக் குடியில் பிறந்து கம்பனில் தோய்ந்த அப்புலவர், வீரர்கள் செய்த கொடுமைகளை மறைக்காமல் கூறுகிறார். ஆனால் கூறியதோடு விட்டுவிடாமல், அருகிருந்து கண்ட நல்லோரின் புலம்பலை உடன் வைக்கிறார். நிலம் பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே என்று அவர்கள் ஏங்குகின்றனர். படிப்பவன் நெஞ்சில் மூண்ட வெகுளியை, மனிதர்மேல் பாயவிடாமல், நிலத்தையும் வானையும் கடலையும் நோக்கித் திருப்பிவிடுகிறார் புலவர்! இக்காவியத்தைப் பாடம் நடத்துவோர் அணிநலம் மட்டும் காட்டிச் செல்லாமல் இந்தத் திருப்பத்தை மாணவர்க்குக் காட்டலாம். தமிழ்ப் படவுலகில் பேர்பெற்ற இயக்குநர் பீம்சிங் தெலுங்கில் எடுத்து, அவர் மறைந்தபின் 1978 இறுதியில் வெளிவந்த 'கருணாமயுடு' என்ற இயேசு படமும், தன் பெயரிலேயே கருணையை வைத்திருக்கிறது. பிற மொழிகளிலும் ஒலிமாற்றப்பட்டு, ஊர் ஊராகத் திரைகட்டிக் காட்டப்பட்ட அப்படத்தைக் கண்டு அழுத சிற்றூர் மக்களில் பலர் கிறித்தவரல்லர்.

மலேசியாவில் கிப்சனின் படம் 2004 இல் ஒரு கட்டுப்பாட்டோடு அனுமதிக்கப்பட்டது. கிறித்தவர்கள் மட்டுமே பார்க்கலாம். நுழைவுச் சீட்டும் தேவாலயங்கள் வழியாகவே கிடைக்கும். இசுலாமியர் ஈசா நபியை இறைத்தூதராகப் போற்றுபவர்கள்; நபிமார்களை உருவமாகக் காட்டுவதை ஏற்காதவர்கள்; அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்பதையும் ஏற்பதில்லை. பல சமயத்தார் கூடிவாழும் நாட்டில் இதனை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. கட்டுப்பாட்டைக் குறைகூறுவது எளிது. ஆனால் அப்படமே அத்தகைய கட்டுப்பாட்டுக்கு ஏற்ப எடுக்கப்பட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. துன்பப்படுபவர் யார், என்ன கற்பித்தார், யாரை ஆதரித்தார் என்பவை படத்தில் இடையிடையே மின்னி மறைகின்றனவேயன்றி, நிலைத்து நிற்பதில்லை. கதையை முன்பே அறிந்த கிறித்தவர் அவ்விடைவெளியைத் தம் நெஞ்சிலிருந்து நிரப்பிக்கொள்வர். அறியாத இந்துவோ பௌத்தரோ பார்த்திருந்தால், பெயர் தெரியாத ஒருவர் இரண்டு மணி நேரம் அடிபட்டுச் சாவதைத்தான் கண்டிருப்பார். 'பென்-ஹர்' பார்ப்பதற்கு அத்தகைய முன்னறிவு வேண்டுவதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவர் என்பது போதும்.

எனினும் கிப்சன் படத்திலேயே ஒரு பாத்திரம் இதற்கு விலக்காக நிற்கிறது. வடஆப்பிரிக்கச் சீரேனே ஊரைச் சேர்ந்த சீமோன் வழிப்போக்கன். மகனுடன் போய்க்கொண்டிருந்தவனை வீரர்கள் பிடித்துச் சிலுவை சுமக்கச் செய்கின்றனர். அவன் சீடன் அல்லன். குற்றவாளி யாரென்றும் அறியான். தான் குற்றமற்றவன் என்பதைக் கூட்டம் கேட்கச் சொல்லிவிட்டே தோளைக் கொடுக்கிறான். நடக்க நடக்க அவன் முகம் மாறுகிறது. அடிப்பதை நிறுத்தாவிட்டால் சுமக்கமாட்டேன் என்று வீரர்களை எதிர்க்கிறான். வீரன் ஒருவன் அவனை யூதன் என்று இகழ்கிறான். மலையுச்சி சேர்ந்தபின் போகச் சொல்கின்றனர். போக மனமின்றி அழுதுகொண்டே திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். எதுவும் அறியாமல் தெருவில் வந்த அவனுக்கு, கோலாலம்பூர்ப் படமாளிகையில் அன்று நுழைவுச் சீட்டுக் கிடைத்திராது.